எஸ்டிபி வேலை முடிஞ்சுது: கமிட்டியோட நிறைவு அறிக்கை

ஓனர்ஸ், டெனன்ட்ஸ் எல்லாருக்கும் வணக்கம். பி பிளாக் பின்னாடி நடந்த எஸ்டிபி (கழிவுநீர சுத்தம் பண்ற பிளான்ட்) வேலை முடிஞ்சுது. வரவு செலவு பில்லோட அசோசியேஷன் ஆபீஸ்ல இருக்கு, யார் வேணா வந்து பாக்கலாம். "பாக்டீரியா பாக்கெட் பவுடர் வாங்கி கொட்டினா போதாதா, எதுக்கு இவ்ளோ செலவு"ன்னு நெறய பேர் கேட்டதால கொஞ்சம் விளக்கமாவே சொல்லிடறோம்.

அழுக்க சாப்பிடறது பாக்டீரியா, அது வேலை செய்யணும்னா ஏரேஷன் டேங்க்ல (காத்து ஊதற தொட்டி) லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்காவது ஆக்சிஜன் கரைஞ்சிருக்கணும். டேங்க காலி பண்ணி பாத்தா அடில காத்த குமிழ் குமிழா விடற டிஃப்யூசர் ரப்பர் பாதிக்கு மேல கிழிஞ்சு சேறு அடைச்சு கெடக்கு, அப்புறம் எங்கேர்ந்து காத்து வரும்! காத்து இல்லாத எடத்துல வேற ஜாதி கிருமி வளந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு விடும், பால்கனில அடிச்ச அழுகின முட்டை நாத்தம் அதான். டிஃப்யூசர் மொத்தமும் மாத்தியாச்சு, காத்து ஊதற புளோயர் ஒண்ணு புதுசு.

பவுடர் வாங்கல. நல்லா ஓடற இன்னொரு பிளான்ட்லேந்து ஸ்லட்ஜ் (பாக்டீரியா நெறஞ்ச சேறு) டேங்கர்ல கொண்டு வந்து விட்டோம், தயிருக்கு உறை ஊத்தற கதைதான். அம்மோனியாவ நைட்ரேட்டா மாத்தற கிருமி மட்டும் ரொம்ப மெதுவா வளரும், அதனால தண்ணி தெளிஞ்ச அப்புறமும் அந்த தண்ணி வர்ற ஃப்ளஷ்ல கொஞ்ச நாள் வாடை இருந்துது, இப்ப இல்ல.

எங்களுக்கு இதுல பிடிச்சது டெஸ்டிங்தான். லேப்ல பிஓடி (தண்ணில இருக்கற அழுக்க சாப்பிட கிருமிக்கு எவ்ளோ ஆக்சிஜன் வேணும்ங்கற கணக்கு) பாக்க 27 டிகிரில 3 நாள் வைக்கணும், ரிப்போர்ட் வர்றதுக்குள்ள பிளான்ட் படுத்துடும். இப்ப ஆபரேட்டர் தெனம் காலைல 1 லிட்டர் ஜாடில ஏரேஷன் தண்ணி புடிச்சு 30 நிமிஷம் ஆடாம வெச்சு, ஸ்லட்ஜ் எந்த கோடு வரைக்கும் படியுதுன்னு நோட்ல எழுதறார், கூடவே ஆக்சிஜன் மீட்டர், அம்மோனியா ஸ்ட்ரிப். போன மாசம் ஸ்லட்ஜ் படிஞ்சும் மேல தண்ணி கலங்கலாவே நின்னுது, மீட்டர் வேற வழக்கத்த விட ஏறி காட்டுச்சு (சாப்பிட ஆள் இல்லன்னா ஆக்சிஜன் தங்கும்ல). விசாரிச்சா சம்ப் கழுவின, கிருமிய கொல்ற ப்ளீச்சிங் தண்ணிய அப்படியே டிரெயின்ல விட்டிருக்காங்க. அன்னிக்கே உள்ள வர்ற கழிவுநீர கலெக்ஷன் டேங்க்ல நிறுத்தி வெச்சதால தப்பிச்சோம்.

அதனால சம்ப், டேங்க் கழுவறதுக்கு முன்னாடி ஆபரேட்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பாத்ரூம் ஆசிட்ட பாட்டில் பாட்டிலா ஊத்தாதீங்க, நாப்கின் உள்ள போடவே கூடாது. சாண்ட் ஃபில்டர் மணல் இன்னும் மாத்தல, அது அடுத்த ஜிபிஎம்ல (பொதுக்குழு கூட்டம்) வரும்.

— கமிட்டி