எந்த நோட்டில் குறித்தீர்கள்? ஏற்காடு மலைப்பாதை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். போன வாரம் கொண்டை ஊசி வளைவுக்கு மேலே மண் சரிந்து பாதை அடைபட்ட விவரம் உங்களுக்குத் தெரியும். நீங்களே நேரில் வந்தீர்கள். ஜே.சி.பி. மண்ணை அள்ளியது, மணல் மூட்டை அடுக்கினார்கள், போட்டோ எடுத்தார்கள். வேலை வேகமாகத்தான் நடந்தது, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. என் கேள்வியெல்லாம் அதற்கு முந்தைய நாலைந்து நாளைப் பற்றித்தான்.

அந்த நாலைந்து நாளும் அந்த இடம் சொல்லிக்கொண்டே இருந்தது. தடுப்புச்சுவரில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகளில் பாதி அடைத்துக் கிடந்தன. ஒன்றில் மட்டும் செம்மண் கலங்கலாகத் தண்ணீர் வந்தது. சுவருக்கு மேலே கட்டைவிரல் நுழையும் அளவுக்கு மண்ணில் வெடிப்பு. அதை ஒட்டி நின்ற சில்வர் ஓக் மரம் ரோட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. விடிகாலையில் ரோட்டில் சின்னச் சின்னக் கற்கள் கிடக்கும். பைக்கில் போகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள். சாலைப் பணியாளர் பார்த்தார், டீக்கடைக்காரர் பார்த்தார், நானும் பார்த்தேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னோம். "நோட் பண்ணிக்கிறோம்" என்றார்கள். எந்த நோட்டில் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மழைக்காலம் முழுக்க, தினமும் ஒருவர் இந்தச் சரிவுகளை நடந்து பார்க்க வேண்டும். பார்த்ததை எழுத வேண்டும். எழுதியதை அன்று மாலைக்குள் அடிவாரம் சோதனைச்சாவடியிலும் மேலே ஏற்காட்டு ஒண்டிக்கடை சந்திப்பிலும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பலகையில் போட வேண்டும். என் கோரிக்கை இவ்வளவுதான்.

பலகை எதற்கு, போனில்தான் எல்லாம் வந்துவிடுகிறதே என்பீர்கள். எங்கள் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார். காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர், இப்போது இரண்டு சிறுநீரகமும் போய் டயாலிசிஸில் இருக்கிறார். அன்று அவருடைய முறை. மகளோடு முதல் பஸ்ஸில் ஏறினார். வளைவுக்கு முன்னால் பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, ரோடு இல்லண்ணே" என்றார். அந்த அகலத்தில் பஸ்ஸைத் திருப்ப முடியாமல் பின்னாலேயே எடுத்து, மேலே வந்து, ஒரு வேனைப் பிடித்து, குப்பனூர் பாதையைச் சுற்றி இறங்கினார்கள். வேன்காரர் கேட்ட காசு மகளின் ஒரு வாரக் கூலி.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். அவர்கள் மேல் தப்பில்லை. எத்தனை பேர் காத்திருக்கிறார்கள். "அடுத்த ஷிப்டுல பார்க்கலாம், உட்காருங்கம்மா" என்றார்கள். சாயந்தரம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கால் வீங்கிப்போய் செருப்பு ஏறவில்லை. அந்த நோயில் தண்ணீரையும் அளந்துதான் குடிக்க வேண்டும். மகள் பாட்டில் மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெஞ்சில் இருக்கும்போதுதான் "மலைப்பாதை தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது, பொதுமக்கள் ஒத்துழைக்கவும்" என்ற செய்தி அவள் போனுக்கு வந்தது. ஒத்துழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஐயா. "சரிவு நிலை சரியில்லை" என்று முந்தின நாள் சாயந்தரம் ஒண்டிக்கடையில் ஒரு வரி எழுதியிருந்தால், சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு இரவே இறங்கிப் போயிருப்பார்.

இதை நான் இவ்வளவு அழுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நான் பட்டாளத்தில் இருந்தவன். வடக்கே பனி மலையில் இருந்த காலத்தில், பனிச்சரிவுக்காக அளவு எடுக்கிறவர்களோடு உதவிக்குப் போயிருக்கிறேன். சாசே என்போம், பனியையும் பனிச்சரிவையும் ஆராய 1969-ல் மணாலியில் தொடங்கிய அமைப்பு, 2020-ல் இன்னொரு ஆய்வகத்தோடு சேர்த்துப் பெயரை மாற்றிவிட்டார்கள். அங்கே காலையும் மாலையும் ஒருவர் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். ராத்திரி புதிதாக எவ்வளவு விழுந்தது, மொத்தம் எவ்வளவு நிற்கிறது, காற்று எந்தப் பக்கத்துப் பனியை வாரி எந்தச் சரிவில் கொட்டியிருக்கிறது, எதிர் மலையில் ஏதாவது சரிந்திருக்கிறதா, எல்லாம் எழுத்தில் வரும்.

அப்புறம் குழி. மண்வெட்டியால் பனியை நேராக வெட்டி இறக்கினால் அடுக்கடுக்காகத் தெரியும். ஒவ்வொரு அடுக்கையும் கையால் குத்திப் பார்ப்பார்கள்: முஷ்டி இறங்குகிறதா, நாலு விரலா, ஒரு விரலா, பென்சிலா, கத்திதானா. மேலே கத்தி மட்டும் இறங்குகிற கெட்டிப் பனி இருக்கும். அடியில் ஓர் அடுக்கு ரவை மாதிரி கையில் ஒட்டாமல் உதிரும். ஆபத்து அந்த அடுக்கில்தான். பிறகு ஒரு தூணைப் போல வெட்டி நிறுத்தி, மேலே மண்வெட்டியை வைத்துத் தட்டுவார்கள். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில் எந்த அடுக்கு வழுக்கியது என்பது நோட்டில் ஏறும். முழங்கைக்கே போகாமல் வழுக்கினால் அன்றைக்கு அந்தச் சரிவில் யாருக்கும் வேலையில்லை. பெரும்பாலும் 30-லிருந்து 45 டிகிரி வரை சாய்வுள்ள இடம்தான் ஆபத்து என்பதால் அதையும் அளந்து வைத்திருப்பார்கள்.

பனி வேறு, மண் வேறு என்பது எனக்கும் தெரியும். இங்கே மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர்தான் எமன். கெட்டிப் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் மண் ஊறி, பிடிப்பு விட்டு இறங்குகிறது. குழி வெட்டித் தட்டிப் பார்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நேற்று இருந்ததுக்கும் இன்று இருப்பதுக்கும் என்ன வித்தியாசம் என்று தினமும் ஒரே கண் பார்க்கிற அந்தப் பழக்கத்தைத்தான் கேட்கிறேன். வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து நடுவில் டேப் வைத்தால் அகலமாகிறதா என்று தெரிந்துவிடும். அதற்கு டெண்டர் தேவையில்லை.

பார்த்தாலும் தவறும், அதையும் சொல்லிவிடுகிறேன். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 10 பேரைப் பனி மூடியது; அதில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். எழுதினால் மட்டும் போதாது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டில் மாணா பக்கம் ரோடு வேலைக்காரர்கள் தங்கியிருந்த முகாம்மேல் பனி சரிந்து 8 பேர் இறந்தார்கள். அந்த மாவட்டத்துக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை முந்தின நாளே வந்திருந்தது. அதனால்தான் பலகை, பலகை என்று ஒரே பாட்டாகப் பாடுகிறேன். ஆபத்தை ஒன்று முதல் ஐந்து வரை படி போட்டுச் சொல்லும் முறை 1993-லேயே ஐரோப்பாவில் பொதுவாக வந்துவிட்டது. நமக்கு ஐந்து கூட வேண்டாம்; பச்சை, மஞ்சள், சிவப்பு போதும்.

நம் ஆட்களால் ஆகாது என்று யாரும் சொல்ல முடியாது. வயநாட்டில் ஹியூம் மையம் என்ற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பு ஊர்க்காரர்களிடமே மழைமானி கொடுத்துத் தினமும் அளவு வாங்குகிறது. 2024 ஜூலை முண்டக்கை சரிவுக்கு முன்பே அந்தக் கணக்கை வைத்து அவர்கள் எச்சரித்தார்கள். நீலகிரிக்கு நிலச்சரிவு முன்னறிவிப்பை அதே மாதத்தில் மத்திய புவியியல் துறை தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் நம் மலைப்பாதையும் சரிந்தது. திருவண்ணாமலையில் மலையடிவார வீடுகள்மேல் மண் விழுந்து 7 உயிர் போனது. அதற்கப்புறமும் நாம் "நோட் பண்ணிக்கிறோம்" என்கிறோம்.

கோடை விழா வந்தால் மட்டும் தடுப்புச்சுவருக்குக் கறுப்பு மஞ்சள் பெயின்ட் பளபளக்கிறது. அடைத்த ஓட்டையின் மேலேயே அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். செல்ஃபி எடுக்க வளைவுக்கு வளைவு இடம் இருக்கிறது. வரவேற்புப் பலகைக்கு விளக்குப் போட்டிருக்கிறீர்கள், அதில் ராத்திரியெல்லாம் பூச்சி மொய்க்கிறது. வருகிறவர்களை அன்போடு வரவேற்கிறீர்கள். தினமும் இறங்கி ஏறுகிற எங்களுக்கு ரோடு இருக்கிறதா என்பதைக் கண்டக்டர் டார்ச் அடித்துச் சொல்கிறார். பழத்தோட்டக் கூலிக்கும் கல்லூரிக்கும் மருந்துக்கும் இறங்குகிறவர்கள் சுற்றுலாப் பயணிகள் இல்லை என்பதால்தானோ என்னவோ.

கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டது, மன்னிக்கவும். மரியாதைக் குறைவாக எழுத வேண்டும் என்று உட்காரவில்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இதை மட்டும் செய்து தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பார்க்க ஒருவர், எழுத ஒரு நோட்டு, போட இரண்டு பலகை. ஆள் பற்றாக்குறை என்றால், பாதையில் ஏற்கெனவே வேலை செய்யும் சாலைப் பணியாளர்களுக்கே அந்தப் பொறுப்பையும், அதற்கான படியையும் கொடுங்கள். இந்தச் சரிவுகளை அவர்களைவிட அறிந்தவர் யாருமில்லை. மழைமானியை என் வீட்டு மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளலாம், காலை எட்டரைக்கு அளவு எழுதித் தருவது என் பொறுப்பு. எப்படிப் பார்ப்பது, எப்படி எழுதுவது என்று சொல்லிக் கொடுக்கவும் நான் தயார், சம்பளம் வேண்டாம். நோட்டு எந்த மேஜையில் இருக்கும், யார் கையெழுத்துப் போடுவார் என்பதை மட்டும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஏற்காட்டில் குடியிருக்கும் முன்னாள் படைவீரன்