ஹெல்த் விசிட்டர் வருகை: லண்டன் தாய்மார் கவனத்திற்கு

அன்புச் சகோதரிகளே,

தாய், சேய் நலம் பார்க்க வீட்டுக்கு வரும் ஹெல்த் விசிட்டரைக் கண்டு பயமாக இருக்கிறது என்று குழுவில் இருவர் எழுதியிருந்தீர்கள். பயம் வேண்டாம். அவர் மேற்பயிற்சி பெற்ற தாதியோ மருத்துவிச்சியோதான். இலங்கையில் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருவாரே, அதைப் போன்ற சேவை இது. கட்டணம் இல்லை.

இங்கிலாந்தில் ஐந்து சந்திப்புகள் உண்டு: கர்ப்பத்தின் 28 வாரத்திற்குப் பின், குழந்தை பிறந்து 10 முதல் 14 நாளில், 6 முதல் 8 வாரத்தில், ஒரு வயதை ஒட்டி, பின்னர் இரண்டு முதல் இரண்டரை வயதில். எல்லாமே வீட்டில் நடக்கும் என்றில்லை. பிறந்தபின் வரும் முதல் சந்திப்பு பெரும்பாலும் வீட்டில்தான். குழந்தையின் உடல்நலப் பதிவேடான சிவப்புப் புத்தகத்தை எடுத்து வையுங்கள்.

குழந்தையின் எடையை மட்டும் அவர் பார்ப்பதில்லை. உங்கள் மனநிலையையும் கேட்பார். அப்போது தயவுசெய்து "நன்றாக இருக்கிறேன்" என்று மூடிவிடாதீர்கள். தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, வீட்டில் அச்சம், எதுவானாலும் சொல்லுங்கள். இதற்காகவே கணவரையோ மாமியாரையோ மொழிபெயர்க்க விடவேண்டாம். சந்திப்புக்கு முன்பே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அதற்கும் கட்டணம் இல்லை.

28 வாரம் தாண்டியும் அழைப்பு வராதவர்கள் உங்கள் மருத்துவிச்சியிடம் இந்த வாரமே விசாரியுங்கள்.