சாம்பாரில் உப்பு

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிறு போனில், "அவ கச்சேரிக்கு நான் இப்ப டிரைவர்தாம்ப்பா" என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரே வாத்தியாரிடம் பாட்டு கற்றவர்கள் நீங்கள். இப்போது ஊரே யூடியூபில் அவளைக் கேட்கிறது. உன்னைப் பார்த்தால் 'அவங்க வீட்டுக்காரரா?' என்கிறார்கள். எனக்குப் புரியாமல் இல்லை.

நேற்று ராத்திரி அம்மாவும் நானும் பழைய இந்திப் படம் 'அபிமான்' பார்த்தோம். ரிஷிகேஷ் முகர்ஜி எடுத்தது, 1973. அமிதாப் பெரிய பாடகர். கிராமத்தில் ஜெயா பாடுவதைக் கேட்டு மயங்கி, கட்டிக்கொண்டு வருகிறார். வரவேற்பில் இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். எல்லோரும் ரசிக்க, பெரியவராக வரும் நடிகர் டேவிட் மட்டும் 'இந்தப் பெண் இவனை மிஞ்சிப் பாடுகிறாளே' என்று கவலைப்படுகிறார். தயங்கியவளை மைக் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதும் புருஷன்தான். அப்புறம் அவளுக்குப் பேர் ஏற ஏற, இவன் முகம் சுருங்கிக்கொண்டே போகிறது. எஸ்.டி. பர்மன் இசையமைத்த பாட்டு மட்டும் இல்லையென்றால் பாதியில் எழுந்திருப்பேன், அவ்வளவு உறுத்தல்.

வேடிக்கை என்னவென்றால், அமிதாப்-ஜெயா நிஜக் கல்யாணம் அதே வருஷம் ஜூனில், படம் ஜூலையில். அதுவரை ஜெயாதான் பேர் வாங்கிய நடிகை. அமிதாப்புக்கு 'சஞ்சீர்' படம் ஓடி இரண்டு மாதம்தான். இந்தப் படத்துக்கும் ஃபிலிம்ஃபேர் விருது ஜெயாவுக்குத்தான் போயிற்று.

நம் தமிழில் அபிமானம் என்றால் பிரியம். இந்தியில் அது கர்வம், ரோஷம். ஒரே சொல், பார்.

உனக்கு அப்போது மூன்று வயது. அம்மாவும் நானும் ஆபீஸில் சேர்ந்துதான் புரமோஷன் பரீட்சை எழுதினோம். அவள் தேறினாள், நான் தேறவில்லை. எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தது நான்தான். வீட்டுக்கு வந்ததும், சாம்பாரில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அப்புறம் ஒரு மாதம் 'ஆபீசரம்மா' என்றுதான் கூப்பிட்டேன், கேலி மாதிரி. உன் சிரிப்பில் எனக்குக் கேட்டது அதுதான்.

அவளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடு தம்பி. வயிற்றெரிச்சலாக இருக்கிறது என்றே சொல், தப்பில்லை. நான் இத்தனை வருஷமாகச் சொல்லாமல், நேற்றுப் படம் முடிந்து விளக்கைப் போட்டதும்தான் சொன்னேன்.

அம்மா டம்ளரைக் கழுவிக்கொண்டே, "அன்னைக்கு உப்பு சரியாத்தான் இருந்துச்சு" என்றாள்.

அன்புடன்,
அப்பா