வணிகர் சங்கக் கட்டடத் திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்குத் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

பொதுக்குழு எங்களிடம் ஒப்படைத்த சங்கக் கட்டடப் புதுப்பிப்புப் பணி முழுமையாக நிறைவடைந்ததை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம். வரவு செலவுக் கணக்கு தணிக்கைக்குப் பின் தனியே வைக்கப்படும். பணி ஏன் இவ்வளவு மெதுவாக நடந்தது என்று பலரும் கேட்டிருந்ததால், அதற்கான விளக்கமே இவ்வறிக்கையில் பெரும்பகுதி.

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் எழுந்த கட்டடம் இது. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகி, வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரம் அங்கிருந்து வேலூருக்கு வந்திருந்தது. ஆம்பூர், வாணியம்பாடித் தோலும் குடியாத்தத்துக் கைத்தறியும் ஆரணிப் பட்டும் அரிசியும் விற்றுவந்த வணிகர்களுக்கு, ஒன்றுகூடிப் பேசவும் வரி, ரயில் கட்டணம் குறித்து அரசுக்கு மனு எழுதவும் மாவட்டத் தலைநகரில் ஓர் இடம் வேண்டியிருந்தது. சென்னையில் 1909-இல் இந்திய வணிகர்கள் தென்னிந்திய வர்த்தக சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். நம் முன்னோரும் அவ்வழியில் நடந்து, சொந்தக் கட்டடமும் கண்டார்கள்.

இரண்டு காலங்களின் கட்டுமான முறைகள் இதில் சேர்ந்திருப்பதே இதன் அருமை என்பது எங்கள் கருத்து. சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல். கூரை, பர்மா தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அமைத்த ‘மெட்ராஸ் டெரஸ்’ என்னும் தட்டைத் தளம். முகப்பிலோ படிப்படியாக உயரும் கைப்பிடிச் சுவர், நேர்கோட்டு அலங்காரம், கம்பி கட்டிய கான்கிரீட் சன்ஷேடு என 1930-களின் ‘ஆர்ட் டெக்கோ’ என்னும் கட்டடப் பாணியின் சாயல் தெளிவாகத் தெரிகிறது.

சேதத்திற்கு முதன்மைக் காரணம், பிற்காலத்தில் சுவரின்மேல் பூசப்பட்ட சிமென்ட். சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூச்சு அதைத் தடுக்க, ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொடிந்திருந்தது. எனவே சிமென்ட் முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு மீண்டும் சுண்ணாம்பே பூசினோம். காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்தே சுண்ணாம்பு இறுகும் என்பதால், ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்ததைத் தொட முடியும். தாமதத்திற்கு அதுவே காரணம். அவசரப்பட்டிருந்தால் வெடிப்புதான் மிஞ்சியிருக்கும்.

ஒழுகிய கூரைப் பகுதியைப் பிரித்தபோது, மெல்லிய தளச் செங்கற்கள் உத்திரங்களின்மேல் கோணவாட்டில், விளிம்பு கீழாக நெருக்கி நிறுத்தப்பட்டிருந்ததைக் கண்டோம். அதே முறையில் கல் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் அடித்தார்கள். கட்டை பட்டால் தளத்தில் தடம் விழாத அளவுக்கு இறுகிய பின்னரே தட்டோடு பதித்தோம். இந்த வேலை அறிந்த கொத்தனார்கள் இன்று மிகச் சிலரே. அவர்களுடன் இளைஞர்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டது இத்திருப்பணியில் எங்களுக்கு மிகுந்த நிறைவளித்த செயல்.

சுவருக்குள் செருகியிருந்த உத்திர முனைகள் சிலவற்றைக் கரையான் அரித்திருந்தது. முழு உத்திரத்தையும் மாற்றாமல், அரித்த முனையை மட்டும் அறுத்து, பழைய வீடுகளைப் பிரித்த இடத்தில் வாங்கிய தேக்கைப் பொருத்தினோம். சன்ஷேடில் துருப்பிடித்துப் பருத்த கம்பிகள் கான்கிரீட்டைப் பிளந்திருந்தன. துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சிட்டு, உதிர்ந்த பகுதியை நிரப்பினோம். கூட்ட அரங்கின் சுவரில் அடுக்கடுக்கான டிஸ்டம்பரைச் சுரண்டியபோது அடியில் தெரிந்த இளமஞ்சள் சுண்ணாம்பு நிறத்தையே மீண்டும் அடித்துள்ளோம். காவித் தரை மெருகேற்றப்பட்டது. மின்கம்பிகள் புதிதாக இழுக்கப்பட்டன.

இனி இச்சுவர்களில் சிமென்டோ பிளாஸ்டிக் எமல்ஷனோ பூசக் கூடாது. முகப்பில் ஆணியடித்து விளம்பரப் பலகை மாட்ட அனுமதிக்கக் கூடாது. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே மாடியின் மழைநீர்க் குழாய்களைச் சுத்தம் செய்ய வேண்டும். இவற்றைப் பராமரிப்பு விதிகளாக ஏற்கும் தீர்மானத்தை வரும் பொதுக்குழுவில் நிறைவேற்றித் தருமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இவண்,
திருப்பணிக் குழுவினர்,
வேலூர்.