வவுணதீவில் ஐந்து கடல் வள்ளங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் கல்லடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். கம்பஸில் இறுதியாண்டு படிக்கும் என் மருமகள் (தங்கச்சியின் மகள்), மட்டக்களப்பு மாவட்டத்தின் 14 பிரதேச செயலகப் பிரிவுகளிலும் உள்ள கடல் வள்ளங்களைக் கிராமவாரியாக எண்ணி வைத்திருந்தாள். அதைப் பிரிவுவாரியாகக் கூட்டிக் கொடுப்பது என் பொறுப்பு. புள்ளிவிபரக் கணிப்புக்கான ஆர் என்ற கணினி மொழியில் செய்தேன்.

14 கூட்டலுக்கு ஒரு துண்டுக் கடதாசி போதும்தான். அடுத்த கட்டத்தில் பத்தாயிரம் தடவை மீள்மாதிரி எடுக்க வேண்டியிருந்ததால், என் உபுண்டு கணினிச் செயலியின் நாலு கோர்களையும் (கணிப்பு அலகுகளையும்) ஒருசேர ஓடவிட்டு ஒத்திகை பார்த்தேன். வேலையைக் கோர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் எம்சிலாப்ளை என்ற சார்பிடம் (ஃபங்ஷன்) தரவையும், கூட்டித் தரும் சம் என்ற சார்பையும் கொடுத்தேன். விடுபட்ட பெறுமானம் கிடந்தால் ஒதுக்கிவிடட்டும் என்று 'என்ஏ.ஆர்எம்' என்ற பெயரைச் சுருக்கி 'என்ஏ = ட்ரூ' என எழுதினேன். பிள்ளையின் கோப்பில் விடுபட்டது எதுவுமே இல்லை, எல்லாம் ஒரு முன்னெச்சரிக்கைதான். நாலு கோருக்காக 'கோர்ஸ் = 4'. சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி ஒன்றும் வரவில்லை. விடை வந்தது, அனுப்பிவிட்டேன்.

இரவு அவளிடமிருந்து அழைப்பு. "மாமா, வவுணதீவுக்கு எப்ப கடல் வந்த?"

வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி மூன்றும் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருப்பவை. அங்கே தோணி உண்டு, கடற்கரை கிடையாது. என் அட்டவணையோ மூன்றுக்கும் தலா ஐந்து கடல் வள்ளம் கொடுத்திருந்தது.

ஐந்து எங்கிருந்து வந்தது என்று விடியும்வரை தேடினேன். ஆர் மொழியில் ஆர்கியுமென்டின் (சார்புக்குக் கொடுக்கும் உள்ளீட்டின்) பெயரைச் சுருக்கி எழுதலாம், அது ஊகித்துக்கொள்ளும். ஆனால் சார்பின் வரையறையில் மூன்று புள்ளி ஒன்று இருக்கும். அதற்கு முன்னால் நிற்கும் பெயர்களுக்குத்தான் இந்தச் சலுகை. பின்னால் நிற்பவற்றை எழுத்துப் பிசகாமல் எழுதவேண்டும். பொருந்தாத பெயர் எதுவானாலும் அந்த மூன்று புள்ளிக்குள் விழுந்து அடுத்த சார்பிடம் போய்விடும். எம்சிலாப்ளையில் கோர்களின் எண்ணிக்கைக்கு உரிய பெயர் 'எம்சி.கோர்ஸ்', அது புள்ளிகளுக்குப் பின்னால் நிற்கிறது. ஆகவே என்னுடைய 'கோர்ஸ் = 4' நேரே சம்மிடம் போனது. சம்முக்கு 'என்ஏ.ஆர்எம்' தவிர வேறு பெயர் எதுவும் தெரியாது, கையில் கிடைத்ததையெல்லாம் கூட்டும். சுருக்கிய 'என்ஏ'யின் ட்ரூவுக்கு ஒன்று, கோர்ஸுக்கு நாலு. ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து கூடியது, மாவட்டத்துக்கு எழுபது வள்ளம் ஓசியில் கிடைத்தது. நாலு கோரும் ஓடவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் எம்சிலாப்ளை இரண்டோடு நின்றுவிடும்.

வாகரையிலும் வாழைச்சேனையிலும் ஐந்து கூடியதை யார் கண்டுபிடித்திருப்பார்? பூச்சியம் வரவேண்டிய இடங்கள் இருந்ததால் தப்பினோம்.

எனக்கு இந்தச் சுருக்குப் பழக்கம் வந்தது ஒரு குறுங்காலப் பயிற்சி நிலையத்தில். பெயர் வேண்டாம். அங்கே தந்த குறிப்பில் சராசரி காணும் 'மீன்' (mean) சார்புக்கு 'என்ஏ = ட்ரூ' என்று அச்சிட்டிருந்தது, சரியாகவும் வேலை செய்தது. அந்தச் சார்பில் 'என்ஏ.ஆர்எம்' புள்ளிகளுக்கு முன்னால் நிற்பதுதான் காரணம். அதையே சம்முக்குக் கொண்டுபோனால் கணக்கு கெடும் என்று குறிப்பில் ஒரு வரிகூட இல்லை.

எதிர்ப்பக்கமாகவும் அடி விழும். மருமகளின் கணினி விண்டோஸ். அதில் எம்சிலாப்ளை ஒரு கோருக்கு மேல் ஓடாது என்பதால் அவள் அதே வேலைக்கு பார்லாப்ளை என்ற சார்பை எழுதுகிறாள். லோவெஸ் என்ற சீராக்கும் சார்புக்காக 'எஃப் = 0.2' கொடுத்தாள். பார்லாப்ளையிலேயே 'ஃபன்' என்றொரு பெயர் முன்வரிசையில் இருக்கிறது. எஃப் போய் அதில் ஒட்டிக்கொள்ள, 0.2 ஒரு சார்பு அல்ல என்று ஆர் கத்தியது. கத்தியது நல்லதாகப் போயிற்று, நான் செய்த பிழையில் அதுகூட இல்லை.

இப்போது சம்மை வெறுமனே கொடுப்பதில்லை. ஒரு பிரிவின் தரவை எக்ஸ் என்று வாங்கி, 'என்ஏ.ஆர்எம் = ட்ரூ' என்று முழுப்பெயரோடு கூட்டித் தரும் சிறு சார்பொன்றை நானே எழுதி, அதைத்தான் கொடுக்கிறேன். சுருக்கிய பெயர் ஒட்டிக்கொண்டால் எச்சரிக்கும் 'வார்ன்பார்ஷியல்மேட்ச்ஆர்க்ஸ்' என்ற தெரிவையும் திறந்து வைத்திருக்கிறேன். அது மருமகளின் எஃப்பைப் பிடிக்கும், என் கோர்ஸைப் பிடிக்காது. சம்முக்குப் போனது ஒட்டவே இல்லையே.

ஆர் சொல்லிக்கொடுக்கும் நிலையங்களும், பத்திரிகைகளின் மாணவர் பகுதிகளுக்குக் கணினிப் பாடம் எழுதுவோரும் தயவுசெய்து முழுப்பெயரையே அச்சிடுங்கள். நாலு எழுத்துக்கு மை மிச்சம் பிடித்து என்ன காணப்போகிறோம்? திருத்திய அட்டவணை மருமகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. வவுணதீவில் பூச்சியம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.