ஐந்து ரோடு ஜெராக்ஸ் கடையில் பார்த்த அண்ணனுக்கு நன்றி

அண்ணா, ஏற்காடு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நீங்கள் கிளம்பிவிட்டீர்கள், பேரைக்கூடக் கேட்க முடியவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். சேலம் ஐந்து ரோட்டில் ஜெராக்ஸ் எடுக்க வந்த இடத்தில் என் தம்பியின் குவைத் பேப்பரைப் பார்த்துவிட்டு, "இது விசிட் விசாப்பா, இதுல போய் வேலை செய்யக் கூடாது" என்று நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் அன்று சாயங்காலமே அவனை அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்ட்டிடம் ஒன்றரை லட்சம் கைமாறியிருக்கும். வெளிநாட்டு வேலைக்கான அரசின் இ-மைகிரேட் தளத்தில் அந்த ஏஜென்ட்டை உங்கள் போனிலேயே தேடினீர்கள். ஆள் பேரே இல்லை! பதிவு பெற்ற ஏஜென்ட்டே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. தம்பி பத்தாவது முடிக்காதவன், இசிஆர் பாஸ்போர்ட், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி தேவைப்படும் வகை, குவைத்துக்கு வேலைக்குப் போக அந்தக் குடிபெயர்வு அனுமதி வேண்டும், அதோடு 10 லட்சம் ரூபாய் பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் உண்டு, விசிட் விசாவில் போனால் இதெல்லாம் இல்லை என்று பொறுமையாகச் சொன்னீர்கள் (கடைக்காரர் முறைத்துக்கொண்டே இருந்தார், அது வேறு கதை).

இப்போது பதிவு பெற்ற ஏஜென்ட் வழியாக விண்ணப்பித்திருக்கிறான். சம்பளம், ஓவர்டைம், தங்குமிடம் எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று அவனே கேட்கிறான். ரொம்ப நன்றி அண்ணா, இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அம்மா உங்களைச் சாப்பிடக் கூப்பிடச் சொல்கிறார்.