அக்கா மகளுக்கு: அந்த நீல பிளிமத்தைப் பட்டறைக்கு அனுப்புவதற்கு முன்

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை இரண்டு இரவுகள் உட்கார்ந்து பார்த்தேன். 1969ஆம் ஆண்டு பிளிமத் ரோடு ரன்னர் என்ற அமெரிக்கக் கார், 383 கன அங்குல என்ஜின், இத்தனை காலமும் ஒரே குடும்பத்திடம் இருந்த வண்டி, நீலப் பெயின்டில் பெரும்பகுதி ஆலையில் பூசியதே. அதை முழுவதும் கழற்றிப் புதிதாக்கித் தரப் பட்டறைக்காரர் கேட்கும் தொகையையும் எழுதி, "கொடுத்துவிடலாமா மாமா?" என்று கேட்டிருக்கிறாய். இதே கேள்வியைக் கேட்டு வேறு சிலரும் எழுதுவதால், பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். கொடுக்காதே. குறைந்தபட்சம், நான் கீழே சொல்லும் இடங்களைப் பார்த்து முடிக்கும்வரை கொடுக்காதே.

ரோடு ரன்னர் அபூர்வமான வண்டி அல்ல. அலங்காரங்களைக் குறைத்து, சம்பாதிக்கத் தொடங்கிய இளைஞனுக்கும் எட்டும் விலையில் பெரிய என்ஜினைக் கொடுக்க வேண்டும் என்று செய்த வண்டி அது. 1969ஆம் ஆண்டு மாடலில் மட்டும் 80,000க்கும் மேல் விற்றது. கண்ணாடிபோல் பளபளக்கும், புதிதாக்கிய ரோடு ரன்னர் உனக்கு வேண்டுமென்றால், பணத்தை எடுத்துக்கொண்டு போய் ஒன்றை வாங்கிவிடலாம். அநேகமாகப் பட்டறைக்காரர் கேட்கும் தொகையைவிடக் குறைவாகவே முடியும். யாரும் கைவைக்காத ஒன்று வேண்டுமென்றால்தான் வருடக்கணக்கில் அலைய வேண்டும்.

உன் பதினேழாவது படத்தில், என்ஜின் அறைக்குள் வெளிர் ஊதா நிறத்தில் ஒரு ஹாரன் இருக்கிறது. ரோடு ரன்னர் என்ற கார்ட்டூன் பறவையின் பெயரையும் படத்தையும் பயன்படுத்த வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்த பிளிமத் கம்பெனி, அந்தப் பறவையின் 'பீப் பீப்' குரலுக்காகவே வைத்த ஹாரன் அது. மேலே ஒட்டிய வட்டமான ஸ்டிக்கரின் ஓரம் கருகிச் சுருண்டிருக்கிறது. புது ஸ்டிக்கர் இன்று தாராளமாகக் கிடைக்கும். அதனால்தான் அந்தக் கருகிய ஸ்டிக்கரைத் தொடாதே என்கிறேன். பின் இருக்கையைத் தூக்கினால் ஸ்பிரிங்குகளுக்கு இடையில் மடங்கிய தாள் ஒன்று இருக்கக்கூடும். எந்த வண்டிக்கு என்னென்ன பொருத்த வேண்டும் என்று ஆலைத் தொழிலாளர்கள் பார்த்துப் பார்த்து வேலை செய்த தாள் அது. கிடைத்தால் அவசரப்பட்டுப் பிரிக்காதே, பொடிந்துவிடும்.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் என் சொந்த முட்டாள்தனம். என்னிடமிருந்த பழைய டாட்ஜ் காரை ஒரு பட்டறையில் விட்டு, "எல்லாவற்றையும் சுத்தமாக்குங்கள்" என்று சொன்னேன். சொன்னபடியே செய்தார்கள். என்ஜின் அறையின் தடுப்புச் சுவரில் ஆலை ஆய்வாளர் மெழுகுச் சாக்கட்டியால் கிறுக்கிய எண்கள், டிக்கிக்குள் அரைகுறையாகத் தெறித்திருந்த பெயின்ட், கதவுக் கீல் ஓரம் வழிந்து காய்ந்த ஒரு சொட்டு எல்லாம், பெயின்டை உரிக்க மணலை வேகமாக அடித்த மணல்வீச்சில் போயின. நிறத்துக்கு பேஸ் கோட், அதன்மேல் பளபளப்புக்கு கிளியர் கோட் என்று பூசி எடுத்தபோது, ஆலையிலிருந்து வெளிவந்த நாளில்கூட இல்லாத மினுமினுப்பு அதற்கு வந்திருந்தது. அப்போது பெருமைப்பட்டேன், இப்போது அதன் படத்தைக்கூட யாருக்கும் காட்டுவதில்லை.

சரி, பார்க்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடலும் சட்டமும் ஒன்றே. ஆகையால், பின்புற லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டும் இடத்தையும், முன்பக்கத்தில் ஸ்பிரிங்குபோல் முறுகி வேலை செய்யும் கம்பிகளான டார்ஷன் பார்களின் பின்முனையைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும், தரைத் தகட்டையும் லிஃப்டில் ஏற்றி, ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்கச் சொல். மிச்சிகன் மாநிலத்தில் குளிர்காலப் பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்பு முதலில் தின்பது இவற்றைத்தான். ஸ்குரூ டிரைவர் உள்ளே இறங்கினால் அந்த இடத்தை வெட்டி வெல்டு செய்தே ஆக வேண்டும், அதில் விவாதமே இல்லை. ஆனால் அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பின்பக்க மட்கார்டுகளில் மட்டும் பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். ஆலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும். ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது என்று பொருள். ஏற்கெனவே யாரோ பட்டி பார்த்த பகுதியைச் சரிசெய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பிரேக் குழாய்கள், வீல் சிலிண்டர்கள், பெட்ரோல் ஹோஸ்கள், டயர்கள் ஆகியவற்றைத் தயங்காமல் மாற்று. இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் அந்தக் காலத்து ரப்பரை அரித்துவிடும். அசல் ஹோஸுக்காக வண்டியைத் தீக்கு இரையாக்குவது பழமையைப் பாதுகாப்பது ஆகாது. கழற்றியதை மட்டும் குப்பையில் போடாமல், பெயர் எழுதிப் பெட்டியில் வை.

புதிதாக்காவிட்டால் விலை குறையுமே என்ற உன் அப்பாவின் கவலைக்கு ஒன்று சொல்கிறேன். ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் 1968இல் ஒரு திரைப்படத்தில் ஓட்டிய பச்சை ஃபோர்டு மஸ்டாங் கார், பல்லாண்டுகள் ஒரே குடும்பத்திடம் இருந்து, புதிதாக்கப்படாமலே, துருவும் கீறலுமாக 2020 ஜனவரியில் புளோரிடா ஏலத்துக்கு வந்து, கட்டணங்களோடு 37.4 லட்சம் டாலருக்குப் போனது. அதற்கு நட்சத்திர மவுசு உண்டு, உன் பிளிமத்துக்கு அது கிடையாது என்பது உண்மைதான். ஆனாலும் அசல் நிலையில் நிற்கும் வண்டிகளுக்கென்றே அமெரிக்கப் பழங்கார் சங்கமான ஏஏசிஏ தனிப் பிரிவு வைத்திருக்கிறது. இந்த மோகத்தைப் பார்த்து, புதுப் பெயின்டைத் தேய்த்துச் செயற்கையாகப் பழமை ஏற்றுகிறவர்களும் கிளம்பியிருக்கிறார்கள். அதையும் ஒரு கலை என்கிறார்கள், இருக்கட்டும்.

அக்டோபரில் அங்கே வருகிறேன், மீட்டரையும் கொண்டுவருகிறேன். அதுவரை டிக்கியைக் கழுவாதே. ஸ்டெப்னிக்கு அடியில் இருக்கும் தூசியைக்கூட நான் வந்து பார்த்த பிறகு துடைக்கலாம்.

அன்புடன்,
மாமா